முப்பது நொடிக் கணக்கு சட்டத்தில் இல்லை

“முப்பது நொடிக்குள் போட்டால் பாட்டுக்கு அனுமதி வேண்டாம், அதனால்தான் மலையாள சீரியல்களில் நம்ம பழைய தமிழ்ப் பாட்டு சும்மா ஓடுது” என்று மேலே எழுதியிருக்கும் அண்ணனுக்கு: 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு நொடிக்கணக்கே கிடையாது. யார் கிளப்பிவிட்டதோ, கொழிஞ்சாம்பாறை முதல் செங்கோட்டை வரை எல்லோரும் நம்புகிறார்கள்.

காட்சியில் ஒலிப்பதிவை அப்படியே ஓட விட்டால் அதன் உரிமை வைத்திருக்கும் கம்பெனியிடம் அனுமதி வாங்கணும், மெட்டுக்கும் வரிக்கும் தனியாக வாங்கணும். இரண்டும் ஒரே கம்பெனி கையில் இருந்தால் வேலை சுலபம், அவ்வளவுதான். சரி, நடிகரே முணுமுணுத்தால்? அப்போதும் மெட்டும் வரியும் இன்னொருவருடையதுதானே.

டிவியில் கேட்ட பாட்டு மொபைலில் அதே எபிசோடைப் பார்க்கும்போது காணாமல் போனால், ஒளிபரப்புக்கு மட்டும் உரிமம் வாங்கியிருக்கலாம். அமெரிக்காவில் 1978 முதல் 1982 வரை வந்த ‘டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி’ என்ற டிவி தொடர் ஒரு வானொலி நிலையத்தின் கதை, பாட்டுதான் அதற்கு உயிர். பின்னால் டிவிடி போட்டபோது உரிமச் செலவுக்குப் பயந்து பல பாட்டுகளை மாற்றிவிட்டார்கள்.

அப்புறம், கடைசியில் ‘நன்றி’ என்று பெயர் போட்டால் போதும் என்கிறீர்களே, அதுவும் அனுமதி ஆகாது.