டிபிஎஃப்பை வெட்டி எறியாதீர்கள், கம்பெனியிடம் சுவிட்ச் கேளுங்கள்

நம் ஊர் ஜீப் வட்டத்தில் யாராவது டிபிஎஃப் (டீசல் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். "டிலீட் பண்ணிடுங்க ப்ரோ, கூடவே ரீமேப்பும் அடிச்சிட்டா வண்டி பறக்கும்" என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். டிலீட் என்றால் அந்த வடிகட்டியையே எடுத்துவிடுவது, ரீமேப் என்றால் எஞ்சினின் மென்பொருளை மாற்றுவது. ஏன் என்று கேட்டால், "ஆஃப்-ரோடு வண்டிக்கு எதுக்கு இதெல்லாம்?" என்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பேசாமல் மீதியைத் திட்டிப் பயன் இல்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரீமேப்பும் டிலீட்டும் வேறு வேறு. இன்றைய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் எவ்வளவு டீசல், எந்த அழுத்தத்தில், எந்தக் கணத்தில் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்று தள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஈசியூ என்ற எஞ்சின் கணினி தனக்குள் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்கிறது. ட்யூனர் மாற்றுவது அந்த அட்டவணைகளை. வெயில், மலை உயரம், சுமாரான டீசல், கிளட்ச் தாங்கும் அளவு எல்லாவற்றையும் யோசித்துத்தான் கம்பெனி கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டால் டார்க் (இழுக்கும் திறன்) கூடும், வாரண்டி போகும், கிளட்ச் சீக்கிரம் தேயும். அது அவரவர் பணம். பாறை ஏற உதவுவது வண்டியை மெதுவாக ஊரவைக்கும் லோ ரேஞ்ச் கியரும், 18 பிஎஸ்ஐக்கு இறக்கிய டயரும், நிதானமான காலும்தான். உச்ச குதிரைத்திறனால் அங்கே வேலை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

டிலீட்டின் கதை வேறு. சைலன்சர் வரிசையில் இருக்கும் டிபிஎஃப் டப்பாவை வெட்டி, உள்ளே இருக்கும் பீங்கான் வடிகட்டியை உடைத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் வைக்கிறார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் ஈஜிஆர் வால்வை அடைக்கிறார்கள். பிறகு ஓபிடி போர்ட் (ஸ்கேனரை மாட்டும் இணைப்பு) வழியாக, இவை இரண்டையும் பற்றி ஈசியூ இனி எந்தப் பிழையும் காட்டக் கூடாது என்று மென்பொருளில் எழுதிவிடுகிறார்கள். பல இடங்களில் இந்த வேலை அலட்சியமாக நடக்கிறது. சம்பந்தமே இல்லாத பிழைக் குறியீடுகளும் சேர்ந்து அணைந்துபோகின்றன. நாளைக்கு உண்மையாகவே ஒரு சென்சார் போனால் வண்டி வாயைத் திறக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில், முந்தைய உரிமையாளர் இதைச் செய்திருந்தது சர்வீஸில் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. புது டிபிஎஃப்புக்கு ஆகும் செலவு லட்சங்களில்.

இனி அந்தப் பாதி உண்மை. டிபிஎஃப் என்பது கரித்துகளைப் பிடித்து வைத்து, பிறகு எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வடிகட்டி. அப்படி எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது இது நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். சேற்றிலும் பாறையிலும் லோ ரேஞ்சில் ஊர்ந்துகொண்டிருந்தால் புகைக்குழாய் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. கரி சேர்ந்துகொண்டே போகும். ஈசியூ தானாகச் சுத்தம் செய்ய ஆரம்பித்து, கூடுதலாக டீசல் தெளிக்கும். நாம் பாதியில் வண்டியை அணைத்துவிடுவோம். இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருப்பதைப் பார்த்து அதிர்ந்தவர்கள் இங்கேயே இருப்பீர்கள். கடைசியில் லிம்ப் மோடு, அதாவது எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். மலைப்பாதை நடுவில், இருட்டும் நேரத்தில், குடும்பத்தோடு இருக்கும்போது வண்டி இழுக்க மறுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த எரிச்சல் நியாயமானது.

ஆனால் அதற்குத் தீர்வு டிலீட் ஆகாது. நம் வண்டிகள் காட்டிலேயே குடியிருக்கின்றனவா என்ன? சனி, ஞாயிறு ஒரு தடத்தில் ஓடிவிட்டு, மீதி நாளெல்லாம் பள்ளிக்கூட வாசலிலும் காய்கறி மார்க்கெட்டிலும் சிக்னலிலும் நிற்கின்றன. அமெரிக்காவில் "ஆஃப்-ரோடு பயன்பாட்டுக்கு மட்டும்" என்று ஸ்டிக்கர் ஒட்டியே இந்த ட்யூனிங் கருவிகள் விற்கப்பட்டன. அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் கணக்கெடுத்தது. பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாடு அகற்றப்பட்டிருந்தது. அந்த வண்டிகள் தம் வாழ்நாளில் கூடுதலாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன். ஒழுங்கான வண்டிகள் 90 லட்சத்தைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்றது அறிக்கை. அந்த வண்டிகளெல்லாம் பாலைவனத்திலா ஓடின?

நம் நாட்டில், பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதி) டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் விடலாம் என்றிருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது அது 4.5 ஆனது. நைட்ரஜன் ஆக்சைடு 250இலிருந்து 80. இந்த இறக்கத்துக்கு முக்கியக் காரணமான பாகங்களைத்தான் நாம் உடைத்துக் குப்பையில் போடுகிறோம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012லேயே உறுதி செய்துவிட்டது. "என் வண்டியில் புகையே தெரியலையே" என்பவர்களுக்கு ஒரு விஷயம்: நைட்ரஜன் ஆக்சைடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. நம் புகைப் பரிசோதனை மையத்தில் டீசலுக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. அந்தச் சான்றிதழைக் காட்டி என்னிடம் வாதாடாதீர்கள்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆஃப்-ரோடு வண்டிக்கு விதியே இல்லை என்பதும் தவறு. பொக்லைன் மாதிரி கட்டுமான வண்டிகளுக்கு 2021 ஏப்ரலிலும், 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலும் கடுமையான புகை வரம்புகள் வந்துவிட்டன.

"கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். புகைச் சோதனையை மென்பொருளால் ஏமாற்றி ஃபோக்ஸ்வேகன் 2015இல் மாட்டியது. ராம் பிக்கப்களின் எஞ்சின் மென்பொருளில் ஏமாற்று வேலை செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அவர்கள் செய்த அதே வேலையை நாமும் நம் வண்டியில் செய்துகொள்வதற்கு இது எப்படி நியாயமாகும்?

நம் கோபம் போக வேண்டிய இடம் வேறு. ஆஸ்திரேலியாவில் டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகளில் டிபிஎஃப் தொல்லை பெரிதாகி, 2018இல் ஓட்டுநரே எரித்துச் சுத்தம் செய்யும் சுவிட்ச் வந்தது. பிறகு 2,64,170 வண்டிகளின் உரிமையாளர்களுக்காகக் கூட்டு வழக்கும் நடந்தது. 2022இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே உரிமையாளர்கள் கம்பெனியோடு சண்டை போட்டார்கள். நம் ஊர் பிஎஸ்-6 லாரிகள் பலவற்றில் டிரைவர் கையிலேயே இந்த சுவிட்ச் இருக்கிறது. ஆஃப்-ரோடு வண்டி என்று விளம்பரம் செய்து விற்கும் ஒவ்வொரு டீசல் வண்டியிலும் ஏன் இருக்கக் கூடாது? கரி எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்று மீட்டரில் காட்ட என்ன தடை?

ட்யூனிங்குக்கும் நேர்வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஒரு பாகமோ ட்யூனோ புகையைக் கூட்டவில்லை என்று சோதனையில் நிரூபித்தால், மாநிலக் காற்று வள வாரியம் அதற்கு ஓர் எண் கொடுத்து அனுமதிக்கிறது. ஏஆர்ஏஐ மாதிரி சோதனை அமைப்புகள் இங்கேயும் இருக்கின்றன. அப்படி ஒரு வழி திறந்தால் நல்ல ட்யூனர்கள் ஒளிந்து பிழைக்க வேண்டியதில்லை. கிளப்புகள் சேர்ந்து மனு கொடுக்க வேண்டியது இதற்காகத்தான்.

சரி, இப்போது விளக்கு எரிகிறவர்கள் செய்ய வேண்டியது: நான்கு வழிச்சாலைக்குப் போய், ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். விளக்கு மினுக்கினாலோ லிம்ப் மோடில் இருந்தாலோ இதைச் செய்ய வேண்டாம், நேராக சர்வீஸ் சென்டர். சுத்தம் நடக்கும்போது காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் வகையாகவே இருக்கட்டும். சர்வீஸ் சென்டரில் டிபிஎஃப்பை மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னால், முதலில் ஸ்கேனர் வைத்து ஃபோர்ஸ்டு ரீஜென் (கரியை வலுக்கட்டாயமாக எரித்துச் சுத்தம் செய்வது) செய்து, கரி அளவையும் சாம்பல் அளவையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் இங்கே எழுதுங்கள், சேர்ந்து கேட்போம்.