கறுப்புத் திரையைத் திட்டுகிற அண்ணன்மாருக்கு

சனிக்கிழமை என் வகுப்புத் தம்பி ஒருவன், ஸ்கேன் பண்ணி வைத்திருந்த பல வீட்டுக் காகிதங்களைக் கணினியில் தவறுதலாக அழித்துவிட்டான். இந்நேரம் அது அட்டன் முழுக்கத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு குரூப் அண்ணன்மார் மசாலா தூவிச் சொல்லியிருப்பார்கள். "அதுக்குத்தான் சொன்னோம், அந்தக் கறுப்புத் திரைப் பக்கமே போகாதீங்கன்னு." மவுஸ் இல்லாமல் கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினலைத்தான் சொல்கிறார்கள். நன்றி அண்ணே.

தம்பி பார்க்காமல் அழித்தான். தப்பு அவ்வளவுதான். டிஸ்க் நிறைந்துவிட்டது, டெம்ப் என்கிற தற்காலிகக் கோப்புகளை மட்டும் தூக்கப் பார்த்தான். கோப்புகளைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையில், தேடும் பெயர் முதலில், டெலீட் கடைசியில் வர வேண்டும். அவன் டெலீட்டை முன்னால் போட்டுவிட்டான். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் போகும். கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிட்டு அப்புறம்தான் பெயரைப் பார்த்தது. டெலீட்டை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டியிருந்தால் எதெது போகும் என்று பட்டியல் வந்திருக்கும். பார்த்துவிட்டு அழி. இதைத்தான் வகுப்பில் தொண்டை வற்றக் கத்துகிறேன்.

"நீங்கதானே கற்றுக்கொடுத்தீங்க?" ஆமாம், நான்தான். பட்டுத்தான் கற்றேன். அக்கா மகளின் சடங்குப் படங்கள் இருந்த ஃபோல்டரில் ஒருநாள் ஆர்எம் (அழிக்கும் கட்டளை), நட்சத்திரக் குறி (எந்தப் பெயரும் என்று பொருள்), புள்ளி டிஎம்பி என்று அடித்தேன். நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவே விரல் தவறி ஓர் இடைவெளி. புள்ளி டிஎம்பி என்று ஒரு கோப்பு இல்லை என ஒரே ஒரு வரி வந்தது. உண்மைதான், அது இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. இன்றைக்கும் தீபாவளிக்குப் போனால் அக்கா சொல்லிக்காட்டாமல் சோறு போடுவதில்லை.

"மவுஸ் என்றால் குப்பைத் தொட்டியில் கிடக்குமே?" விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் கொடுங்கள், அப்புறம் எந்தத் தொட்டியில் தேடுவீர்கள் என்று பார்க்கிறேன். பென் டிரைவிலும் அதே கதைதான். பார்க்காமல் அழித்தால் மவுஸ் மட்டும் காப்பாற்றிவிடுமா?

"பேக்கப் எங்கே?" சரி, அது என் தப்பு.

ஆனால் "லயத்துப் பொடியனுகளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி குரூப்பில் ஒருவர் எழுத, அதற்கும் சிரிப்புப் போட்டீர்களே. அழிந்துபோன ஸ்கேன்களில் என் தாத்தாவின் காகிதங்களும் இருந்தன. தோட்டத்துத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் வந்து, நாளைக்கு யார் எதைக் கேட்பார்களோ என்று தோட்டத்துத் துண்டுச்சீட்டைக்கூடத் தகரப்பெட்டியில் பூட்டி வைத்த மனிதர். அசல் மடிப்போடு உதிர்ந்துவிட்டது, மிச்சம் அந்த ஸ்கேன்தான். காகிதம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். தம்பியும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதான். சனிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அம்மா போன் எடுத்தார்.

நல்லவேளை, அது பழைய ஹார்ட் டிஸ்க். புது வகை எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைத் துப்புரவாக்கும் ட்ரிம் ஓடித் துடைத்திருக்கும். அழிந்த கோப்புகளை மீட்கும் போட்டோரெக் என்ற மென்பொருள் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுத் தருகிறது. பெயர்கள் போய்விட்டன, எஃப் போட்டு நீள நீளமாக எண்கள்தான். ஒவ்வொன்றாகத் திறந்து, யார் வீட்டுக் காகிதம் என்று பார்த்துப் பெயர் போட வேண்டும். மவுஸில் கெட்டிக்காரர்களான அண்ணன்மார் ஞாயிற்றுக்கிழமை வரலாம். பிளேன்டீ தருகிறேன்.