பதினைந்து கையெழுத்தும் ஒன்றே முக்கால் மணி வேனும்

போன வாரம் மகளின் பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தபோது அவளுடைய தமிழ் நோட்டு கீழே விழுந்தது. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-இல் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அந்த நோட்டில் எழுதியிருப்பது ஆறே பக்கம். மீதி எல்லாம் கடையில் வாங்கியபடி வெள்ளையாகவே இருந்தது. போன ஆண்டு, ஆறாம் ஆண்டில், இதே பிள்ளை தமிழுக்கு மட்டும் நான்கு நோட்டு முடித்தவள். கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் தாண்டி இன்னொரு தாள் கேட்பவள்.

கூப்பிட்டுக் கேட்டேன். "தமிழ் கிளாஸ் புதன்கிழமை ரெண்டரை மணிக்கும்மா. வேன் ஒன்னே முக்காலுக்கே கிளம்பிருது" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் சாலையில் உள்ளே தள்ளி, தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலம் ஆகிறது. லயத்து வீடுகளில் இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் கொஞ்சம்தான் மிச்சம். எங்கள் பக்கத்திலிருந்து பதினோரு பிள்ளைகள் ஒரே வேனில் ஊருக்குள் இருக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள், அதில் எட்டுப் பேர் தமிழ்ப்பிள்ளைகள். வேன்காரர் அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் அடுத்த ஏற்றத்துக்கு ஓட வேண்டும். டீசல் விற்கிற விலையில் ஒரு மணி நேரம் நின்று காத்திருக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட இந்த ஆண்டு தமிழ் வகுப்புக்கு ஒழுங்காகப் போகவில்லை. ஊருக்குள்ளேயே வீடு இருக்கிற பிள்ளைகளும், அப்பா காரில் வந்து ஏற்றிப்போகிற பிள்ளைகளும் போகிறார்கள்.

தமிழ்ப்பள்ளி என்றால் நாம் எல்லாரும் எழுந்து நிற்போம். நிற்கவும் வேண்டும். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஏறக்குறைய 530. மாணவர் எண்ணிக்கையோ பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சத்தைத் தாண்டி இருந்தது, இப்போது எண்பதாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று வழக்குப் போட்டார்களே, 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. அன்றைக்கு எங்கள் பெற்றோர் வாட்சாப் குழுவில் விடியவிடிய வாழ்த்துச் செய்திதான். நானும் போட்டேன், சந்தோஷத்தில் கண் கலங்கியது. பள்ளிக்கு நிலம், கட்டடம், உரிமம் என்றால் கூட்டம் போடுகிறோம், பணம் திரட்டுகிறோம், அமைச்சரைப் பார்க்கிறோம்.

ஆனால் அந்தப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்து முடித்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயதில் தமிழ் என்ன ஆகிறது என்று கேட்க ஒரு கூட்டமும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

1996 கல்விச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று விளக்கம் சொல்லும் இடத்திலேயே இருக்கிறது: பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால், சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். அடுத்த வரியில் பூர்வகுடி மொழிகளைப் பற்றிச் சொல்லும்போது 'நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால்' என்று ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள். பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகளுக்கும் அந்த நிபந்தனை உண்டு. தமிழுக்கும் சீனத்துக்கும் அது இல்லை. கேட்டால் தர வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். சட்டம் சொல்வது பள்ளியில் பதினைந்து. ஒரு வகுப்பில் பதினைந்து என்றோ, ஒரு படிவத்தில் பதினைந்து என்றோ இல்லை. எங்கள் பக்கத்துப் பெற்றோரில் பாதிப் பேர் இதைத் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். "நம்ம புள்ள கிளாஸ்ல ஏழு பேர்தானே, எப்படிக் கேக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பள்ளியில் படிவம் 1 முதல் 5 வரை எண்ணிப் பார்த்தால், நாங்கள் சில அம்மாக்கள் உட்கார்ந்து போட்ட கணக்கில், தமிழ்ப்பிள்ளைகள் அறுபது பேருக்கு மேல் வருகிறார்கள்.

இந்த எண்ணைப் படித்தபோது தாத்தா காலத்துச் சட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1912 தொழிலாளர் சட்டம். தோட்டத்தில் பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்றது. அப்படித்தான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்துக் கொட்டகையெல்லாம் பள்ளிக்கூடம் ஆனது. கிராணியோ (தோட்டத்துக் கணக்கர்) எழுத்துத் தெரிந்த கங்காணியோ வந்து நின்று பாடம் சொன்ன இடங்கள் உண்டு. துரைமார்கள் தமிழ்மேல் ஆசைப்பட்டுச் செய்ததில்லை, ஆள் ஓடிப்போகாமல் இருக்கச் செய்தது. ஆனாலும் பத்துப் பிள்ளை இருந்ததால் பள்ளி வந்தது. இன்றைக்கு நம்மிடம் பதினைந்துக்கு நான்கு மடங்கு பிள்ளைகள் இருந்தும் மகளின் நோட்டு வெள்ளையாக இருக்கிறது.

சட்டத்தில் ஓட்டை எங்கே என்றால், அந்த விளக்கத்தில் நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வசதி செய்து தர வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. பள்ளி முடிந்து பிள்ளைகள் பசியோடு நிற்கிற ரெண்டரை மணிக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டாலும் அது வசதிதான். அந்த வசதி யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்று தோட்டப்பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

பள்ளிக்குப் போய்த் துணைத் தலைமையாசிரியரைப் பார்த்தேன். மலாய்க்காரர், மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார். "புவான், ஒன்பது பேர்தான் வருகிறார்கள். ஒன்பது பேருக்காக நான் எப்படிக் கால அட்டவணையை மாற்றுவது?" என்று கேட்டார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான கேள்வி. ஒன்பது பேர் வருவதற்குக் காரணமே அந்த நேரம்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுத்தில் கொடுங்கள் என்றார். இத்தனை ஆண்டில் ஒரு பெற்றோர்கூட எழுத்தில் கேட்டதில்லையாம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, நம்மேல்.

நான் படித்தது வேறு காலம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாயில் தேறாததால் ஓராண்டு புகுமுக வகுப்பில் ('ரிமூவ்' என்பார்கள்) உட்கார்ந்தவள் நான். அந்த ஓராண்டில் எங்களைப் பார்த்து 'ரிமூவ், ரிமூவ்' என்று சிரித்த பிள்ளைகளை இன்னும் மறக்கவில்லை. மலாய் பழகவே நாள் போதவில்லை, தமிழை யார் பார்த்தது? அப்போது ஒரு தமிழாசிரியை இருந்தார். சனிக்கிழமைதான் தமிழ் வகுப்பு. முதல் வகுப்புக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் எங்களைத் தேடி வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க தோட்டத்து லோரி சனிக்கிழமை எத்தனை மணிக்கு டவுனுக்கு வரும்?"

சம்பளம் வாங்கிய வாரமோ இல்லையோ, சனிக்கிழமை காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, பாலுக்கு மரம் வெட்டி, பால் அளந்த பிறகு சாமான் வாங்க லோரி ஊருக்கு வரும். பதினொன்றரைக்கு வந்து இரண்டு மணிக்குத் திரும்பும். டீச்சர் ஒன்பது மணி வகுப்பைப் பன்னிரண்டுக்கு மாற்றினார். ஊர்ப்பிள்ளைகளின் பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் அதை மறுபடி மாற்றவில்லை. அப்பா மீன் வாங்கப் போவார், நான் பள்ளியில் இறங்குவேன். எங்கள் லோரியில் வந்த ஏழு பேரில் ஆறு பேர் 1997-இல் ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வான எஸ்பிஎம்மில் தமிழ் எழுதினோம். இன்றைக்கு இந்தப் பதிவை நான் எழுதுகிற தமிழ் அந்தப் பன்னிரண்டு மணி வகுப்பில் வந்தது. அதனால்தான் வேன் நேரத்தை ஒரு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தக் காலத்தில் மூன்றாம் படிவத்திலும் ஒரு பொதுத்தேர்வு இருந்தது, தமிழ்த்தாள் இருந்தது. இப்போது ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-இல் போனது, மூன்றாம் படிவத் தேர்வான பிடி3 2022-இல் போனது. தேர்வு குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், சின்னப் பிள்ளைகள் பயந்து நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு ஒன்று நடந்துவிட்டது. முன்பு படிவம் 3-இல் தாள் வருகிறதே என்றாவது யாராவது கேட்பார்கள். இப்போது ஒரு பிள்ளை மூன்று ஆண்டு தமிழ் வகுப்புப் பக்கமே போகாவிட்டாலும் வெளியே தெரியாது. நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது "எனக்குத் தமிழ் வேணாம்மா, எல்லாம் மறந்துபோச்சு" என்று பிள்ளையே சொல்லிவிடும். நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம்.

தமிழ் எடுத்தால் எஸ்பிஎம் முடிவு கெட்டுவிடும் என்ற பயமும் இருக்கிறது. மறுக்க மாட்டேன், மூன்று ஆண்டு வகுப்பே இல்லாமல் ஐந்தாம் படிவத்தில் போய் உட்கார்ந்தால் எந்தப் பாடத்திலும் நல்ல புள்ளி வராது. 2009-இல் எஸ்பிஎம்முக்குப் பத்துப் பாடம்தான் என்று அறிவித்தபோது நாம் சும்மா இருந்தோமா? நாடு முழுக்கக் குரல் எழுந்தது. தமிழும் தமிழ் இலக்கியமும் சேர்த்துப் பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று அமைச்சரவை இறங்கி வந்தது. அப்படிப் போராடி வாங்கிய இரண்டு இடத்தில் உட்கார இன்று எங்கள் வேனிலிருந்து ஒரு பிள்ளையும் இல்லை.

1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லி, கோ. சாரங்கபாணி தம்முடைய தமிழ் முரசு நாளிதழ் வழியாக நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்). பால்மரம் வெட்டியவர்கள் கொடுத்தார்கள், அன்றைக்கு ஒரு வெள்ளி என்றால் சின்னத் தொகை இல்லை. அந்த இந்திய ஆய்வியல் துறை இன்றும் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர் படிப்பு இருக்கிறது. அங்கே போய்ச் சேர எஸ்பிஎம் தமிழ் படித்த பிள்ளைகள் வேண்டும். அவர்கள் வராவிட்டால் நாளைக்குத் தமிழ்ப்பள்ளியில் நின்று பாடம் சொல்ல யார் இருப்பார்கள்?

இப்போது எல்லாரும் 2027-இல் வரப்போகும் புதிய பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற அளவுக்கு, அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது மணி எத்தனை என்றும் பாருங்கள் என்கிறேன். ஈப்போவில் என் தம்பி மகன் படிக்கும் பள்ளியில் தமிழ் வகுப்பும் சீன வகுப்பும் பள்ளி நேரத்துக்குள், ஒரே நேரத்தில் நடக்கின்றன. அந்த நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பாடம் வைத்திருக்கிறார்கள். அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முடியும். தமிழாசிரியர் இல்லை என்று சொன்னால் அதற்கும் வழி எண்ணிக்கைதான். படிக்க இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தாளில் காட்டினால்தான் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஆசிரியர் கேட்க முடியும்.

அடுத்த ஆண்டுக்கான கால அட்டவணை ஆண்டு இறுதி விடுமுறையில் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் கடிதம் போக வேண்டும். மலாயில் ஒரு கடிதம் தயார் செய்து வைத்திருக்கிறேன். தமிழ் வகுப்பு வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை, பள்ளி நேரத்துக்குள் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும். இதுவரை இருபத்து மூன்று பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதினைந்து தாண்டிவிட்டதே என்று நிறுத்தவில்லை, அறுபதும் வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் பூசை முடிந்ததும் மண்டபத்தில் இருப்பேன். பிள்ளையின் பெயர், படிவம், வகுப்பு மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள். எழுதப் படிக்க வராத பாட்டி தாத்தாக்கள் வளர்க்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களையும் கூட்டிவாருங்கள், நான் நிரப்பித் தருகிறேன்.

அதுவரைக்கும் நோட்டு வெள்ளையாகக் கிடக்க வேண்டாம் என்று நேற்று வேன்காரர் அண்ணனிடம் பேசினேன். எட்டுப் பிள்ளைகளும் வருவதாக இருந்தால் புதன்கிழமை மட்டும் நாலு மணிக்கு இன்னொரு நடை வருகிறேன் என்றார், டீசலுக்கு மட்டும் பிள்ளைக்கு மாதம் பத்து ரிங்கிட். ஐந்து வீட்டில் சரி என்றுவிட்டார்கள். மீதி மூன்று வீட்டுக்கு இன்று மாலை போகிறேன்.