புழு தின்னட்டும், விடுங்கள்

பட்டாம்பூச்சித் தோட்டம் போடுகிறவர்களில் பலருக்குப் பட்டாம்பூச்சி வேண்டும், ஆனால் புழு ஆகாது. இலையில் ஓட்டை விழுந்தால் போதும், என்ன மருந்து அடிக்கலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

வட அமெரிக்காவில் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஸ்வாம்ப் மில்க்வீட். அந்த மண்ணுக்கே உரிய செடி, நம் எருக்குக்குச் சொந்தம். எருக்கில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி முட்டையிடுவதுபோல இதில் மொனார்க் பட்டாம்பூச்சி முட்டையிடும். மொனார்க் புழுவுக்கு மில்க்வீட் வகைகளை விட்டால் வேறு சாப்பாடே கிடையாது. இலையிலுள்ள நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பறவைகள் அதைத் தொடத் தயங்குவது அதனால்தான். ஆக, செடி மொட்டையாக நின்றால் நட்ட காரியம் நடக்கிறது என்று அர்த்தம். வேர் நன்றாகப் பிடித்த செடி மறுபடி துளிர்த்துவிடும். மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பினாலும் மருந்து வேண்டாம். முட்டை, புழு இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும்.

3 முதல் 5 அடி வரை வளரும். கோடையில் இளஞ்சிவப்புக் கொத்துகள் வந்துவிட்டால் தேனீ, வண்டு, குளவி எல்லாம் அங்கேதான். இதன் மகரந்தம் தூளாக இருக்காது, சின்னப் பைகளாகப் பூச்சியின் காலில் மாட்டிக்கொண்டு போகும். பலமில்லாத பூச்சி சில சமயம் காலை உருவ முடியாமல் அங்கேயே செத்தும் போகும். பூவுக்கும் இரக்கமில்லை!

மழைத்தண்ணீர் தேங்கி வேறெதுவும் பிழைக்காத களிமண் மூலை இருக்கிறதல்லவா, அதுதான் இதற்குத் தோதான இடம். வெயில் மட்டும் நன்றாக விழ வேண்டும். குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துவிடும். வசந்தத்தில் மற்ற செடிகளுக்கு வெகு பின்னால்தான் முளைக்கும். செத்துப்போச்சு என்று தோண்டி எறிந்துவிடாதீர்கள்.

கடைகளில் ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும் டிராபிகல் மில்க்வீடை ஆசைகாட்டி விற்பார்கள். ஃபுளோரிடா, டெக்சாஸ் கடற்கரை மாதிரி குளிர் குறைந்த இடங்களில் அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்கும். அதனால் மொனார்க்கைத் தாக்கும் ஓ.ஈ. என்ற நுண்ணிய ஒட்டுண்ணியின் வித்துகள் அதன் இலைகளில் சேர்ந்துகொண்டே போகும். அங்கே இருப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும்போது பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் விதையாக வாங்கிக்கொள்ளலாம். ஈர மணலில் கலந்து ஒரு மாதமாவது ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு விதையுங்கள். இல்லை, பனிக்கு முன்பே மண்ணில் தூவிவிட்டால் அந்த வேலையைக் குளிரே பார்த்துக்கொள்ளும்.