சன்னலுக்கு வெளியே பெய்யும் மழை மேட்டூருக்குப் போகாது

2023-இல் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்த அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழைத்துளி வழியும் சன்னல், கையில் தேநீர்க் கோப்பை, கூடவே ஒரு மழை அட்டவணை. "தமிழ்நாட்டில் மழை குறையவே இல்லை, பிறகு டெல்டாக்காரர்கள் எதற்காக அழுகிறார்கள்?" என்றொரு கேள்வி. எழுதியவர் மீது எனக்கு மதிப்பு உண்டு என்பதால் பொறுமையாகவே பதில் சொல்ல முயல்கிறேன்.

அட்டவணையில் பிழையில்லை. ஆனால், ஜூனில் விதைக்கும் குறுவை நெல் மாநிலச் சராசரியில் விளைவதில்லை. காவிரி டெல்டாவின் குறுவைக்கான மழை குடகில் பெய்ய வேண்டும், வயநாட்டில் பெய்ய வேண்டும். அது கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளை நிரப்பி, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவைத் தாண்டி, மேட்டூர் அணைக்கு வந்து, அங்கிருந்து வாய்க்காலின் கடைசி வயலான கடைமடை வரை நடக்க வேண்டும். தாம்பரத்தில் எவ்வளவு கொட்டினாலும் அதில் ஒரு சொட்டும் அந்த வழியில் சேராது.

அந்த 2023 ஆகஸ்டைப் போல வறண்ட ஆகஸ்ட், 1901 முதலான பதிவுகளில் அதுவரை இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நாடு முழுவதுமாக 254.9 மி.மீ. பெய்ய வேண்டிய மாதத்தில் 162.7 மி.மீ. பெய்தது, 36 சதவீதக் குறைவு. கேரளத்தில் குறைவு 80 சதவீதத்துக்கும் மேல். பசிபிக் கடல் சூடேறி நம் மழையைக் குறைக்கும் எல் நினோ ஒருபுறமிருக்க, பருவமழையின் தாழ்வழுத்தப் பகுதி வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இமாச்சலத்தில் மலை சரிந்து உயிர்கள் போன அதே மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வெயில் காய்ந்தது. மேலைக்காற்று வலுவிழந்தால் மலையில் மழை நின்றுவிடும். அதே வலுவிழப்புதான், பகல் வெப்பத்தில் திரளும் மேகங்களை நம் பக்கம் மாலை இடிமழையாக இறங்க விடும். ஆக, அவருடைய சன்னலை நனைத்த காரணமும் எங்கள் வயலைக் காயவைத்த காரணமும் ஒன்றுதான். அவர் ஆதாரமாகக் காட்டிய மழையே எங்கள் வறட்சிக்கு ஆதாரம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் சித்தப்பா நேரடி விதைப்பு செய்திருந்தார். அப்போது ஒரு ஞாயிறன்று வயலுக்கு அழைத்துப் போனார். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் கைவிட்டால் மணிக்கட்டு வரை இறங்கியது. இலையுறையை விட்டு இன்னும் வெளிவராத தொண்டைக்கதிர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இளங்கதிர் வெளுத்து, நுனி காய்ந்திருந்தது. இனி தண்ணீர் வந்தாலும் அதில் மணி பிடிக்காது. வரப்பில் ஏறி நின்றுகொண்டு, "மெட்ராஸ்ல நல்ல மழையாமேப்பா?" என்று கேட்டார். குரலில் குறையில்லை, விசாரிப்புதான். எனக்குத்தான் வாய் எழவில்லை.

"கர்நாடகத்திலும்தானே மழையில்லை?" என்பீர்கள். உண்மை. மண்டியாவின் விவசாயி மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பற்றாக்குறையைப் பங்கிடுவது வேறு விவாதம்; பற்றாக்குறையே இல்லை என்பது வேறு. "போர்வெல் போட்டுக்கொள்ளலாமே?" என்பவர்கள் கடலோரக் கடைமடைக்கு ஒருமுறை வந்து அந்த உப்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும். "எல் நினோ என்று தெரிந்தும் ஏன் விதைத்தீர்கள்?" என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் அழகு. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்து, குறுவைக்கான உதவித் தொகுப்பும் அறிவித்தது அரசு. ஆகஸ்டில் மழை குறையும் என்ற வானிலைத் துறையின் முன்னறிவிப்பு வந்தது ஜூலை கடைசி நாளில். முளைத்து நிற்கும் பயிரைத் திரும்ப மூட்டையில் கட்டிவைக்கும் வித்தை எங்களுக்குத் தெரியாது.

2023 ஆகஸ்ட் கடைசியில், கர்நாடகம் எங்களுக்கு நொடிக்கு 5,000 கன அடி, 15 நாட்களுக்குத் தர வேண்டும் என்று உத்தரவானது. பெருக்கிப் பாருங்கள், ஆறரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கூடத் தேறாது. இயல்பான ஆண்டில் ஆகஸ்டுக்கு மட்டும் எங்கள் பங்கு 45.95 டி.எம்.சி. அட்டவணை போடத் தெரிந்தவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கலாம். வைத்தால் அந்தத் தேநீர் கசந்திருக்கும்.

பொங்கலன்று மட்டும் சோழநாடு சோறுடைத்து என்று வாழ்த்துப் படம் அனுப்புகிறவர்கள்தான் இதற்கும் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் என் சொந்தக்காரர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், இதை அவர்களும் படிப்பார்கள். வருடா வருடம் அவர்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை போவது இதே சித்தப்பாவின் களத்திலிருந்துதான், அதுவும் லாரி வாடகையை அவரே கொடுத்து. அந்தக் குறுவைக்கு மூட்டை வரவில்லை. மழைதான் நன்றாகப் பெய்திருந்ததே, கடையில் வாங்கியிருப்பார்கள்.