பை எண்ணுக்குள் எல்லாம் இருக்கிறதா?
“பை (π = 3.14159...) விகிதமுறா எண், முடிவின்றி நீள்வது, ஆகவே உங்கள் கைப்பேசி எண்ணும் அதற்குள் கட்டாயம் இருக்கும்” என்கிறார் நண்பர் ஒருவர். அந்த ‘ஆகவே’ நிற்காது. விகிதமுறா எண்ணை இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாது. அதன் தசம இலக்கங்கள் முடியவும் முடியா, சுழற்சியாக மீளவும் மீளா. அவ்வளவுதான். 0.101001000100001... என்று ஒவ்வொரு முறையும் ஒரு பூஜ்யம் கூட்டிக்கொண்டே போங்கள். இதுவும் விகிதமுறா எண்தான். இதில் 2 கூடக் கிடையாது, கைப்பேசி எண்ணுக்கு எங்கே போவது!

நண்பர் மனத்தில் இருப்பது கணிதவியலாளர் எமில் பொரேல் 1909இல் வரையறுத்த ‘நார்மல் எண்’. அதில் ஒரே நீளமுள்ள இலக்கத் தொடர்கள் எல்லாம் சம விகிதத்தில் வரும்; ஆகவே எந்தக் கைப்பேசி எண்ணும் அதற்குள் இருக்கும். 1, 2, 3 என்று எண்களை வரிசையாக அடுக்கிய 0.123456789101112... பத்தடிமானத்தில் (நாம் வழக்கமாக எழுதும் தசம முறையில்) அப்படிப்பட்டது என்று 1933இல் சாம்பர்நௌன் நிறுவினார். பை விகிதமுறா எண் என்பதை லாம்பர்ட் 1760களிலேயே நிரூபித்துவிட்டார். அது நார்மல் எண் என்பதைத்தான் இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.