அரிச்சல்முனைப் பலகையும் கிணற்று நீச்சலும்

பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், கடலே பிழைப்பு என்று இருப்பவர்கள் படகை எடுப்பதில்லை. வேனில் வந்து இறங்குகிற சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் எந்த எச்சரிக்கையும் ஒரு பொருட்டில்லை.

போன ஆடியில், தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடிகிற அரிச்சல்முனையில் பார்த்தேன். 'இங்கே குளிக்கக் கூடாது' என்ற பலகையின் காலடியிலேயே நாலைந்து ஜோடி செருப்பு. ஒன்றுக்குள் கார் சாவியும் கூலிங் கிளாஸும் பத்திரமாக இருந்தன. சங்கு, பாசி விற்கும் அக்கா, "தம்பி, அங்கிட்டு இறங்காதீங்க, இழுத்துரும்!" என்று கத்துகிறார். "நமக்கு நீச்சல் தெரியும்க்கா" என்று பதில் வருகிறது. தெரியும்தான், ஊர்க் கிணற்றில் பழகிய நீச்சல். கிணறு ஆளை இழுப்பதில்லையே.

மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் சேர்கிற முனை இது. நீரோட்டம் மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நேற்று முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இன்று கால் எட்டாது. அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணல் அரிக்கும், பிடிமானம் போகும், அப்புறம் இழுப்புதான். கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடுகிறவர் சீக்கிரம் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். பயத்தில் இருப்பவருக்கு இது எங்கே தோன்றும்?

"போன தடவை இங்கேதான் குளிச்சோம்" என்பார்கள். ஆனி, ஆடியில் தென்பக்கம் கொந்தளிக்கும், வடபக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வீசினால் எல்லாம் தலைகீழ். கள்ளக்கடல் என்றால் இன்னும் மோசம். எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் போனார்களே, அப்போதும் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

2017இல் முனை வரை சாலை வருவதற்கு முன் உள்ளூர் வண்டிக்காரர்தான் மணலில் கூட்டிப்போவார். அவர் அதட்டினால் கேட்பார்கள், திரும்பிப் போக அவர் வண்டிதானே! இப்போது சொந்தக் காரில் வருகிறவரை அதட்ட யாரும் இல்லை.

தீவுகள் கதையும் இதேதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. "அண்ணே, கூட ஏதாச்சும் தர்றோம், இறக்கி விடுங்க" என்று கெஞ்சுகிறார்கள். மாட்டினால் அண்ணனின் படகல்லவா பறிபோகும்? அரிச்சல்முனையில் ஒருவர் சிக்கினாலும் முதலில் தண்ணீரில் குதிப்பது பக்கத்தில் வலை உலர்த்தும் மீனவர்தான். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்பவத்துக்கு அப்புறம் வரும் வீடியோக்களில் அவர் இருக்கமாட்டார், 'பாதுகாப்பு வசதியே இல்லை' என்ற புலம்பல் மட்டும் இருக்கும்.

வசதி குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். வருஷம் முழுக்க ஒரே வாசகத்தோடு நிற்கும் பலகையை யார் படிப்பார்கள்? ஒரு கரும்பலகை வையுங்கள். இன்று எந்தப் பக்கம் இழுப்பு என்று தினமும் காலையில் அந்த ஊர் மீனவர் ஒருவர் சாக்பீஸால் எழுதட்டும். அதற்கு அவருக்குச் சம்பளம் கொடுங்கள். அப்படியும் இறங்குகிறவருக்கு அபராதம் போடுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.